கூகுள் தேடலில் என் பக்கங்களின் தலைப்பு மாறி வருகிறது: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். பக்கங்கள் கூகுளில் ஏறிவிட்டன, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியும் பிழை எதுவும் காட்டவில்லை. முடிவுகளில் அவை தெரியும் விதம்தான் தலைவலி.

டைட்டில் டேக்கில் (பக்கத்தின் தலைப்பைச் சொல்லும் குறியீட்டில்) "ஷட்டர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?" என்று இருக்கிறது. தேடலில் வருவதோ "கட்டுரைகள் - பகுதி 2". இதை யார் கிளிக் செய்வார்கள்? 2021 ஆகஸ்ட் மாற்றத்துக்குப் பிறகு கூகுள் தலைப்புக்காக எச்1 (பக்கத்தின் முதன்மைத் தலைப்பு) போன்ற பக்கத்தில் கண்ணில் படும் எழுத்துகளையும் அதிகம் பார்க்கிறது என்று படித்தேன். என் டெம்ப்ளேட்டில் பிரிவின் பெயர் எச்1, கட்டுரைத் தலைப்பு எச்2 (அதற்கு அடுத்த நிலைத் தலைப்பு). இவற்றை இடம் மாற்றினால் போதுமா? அல்லது உள் இணைப்புகளின் வாசகத்தையும் திருத்த வேண்டுமா?

அப்புறம், தலைப்புக்குக் கீழே மெட்டா டிஸ்கிரிப்ஷன் (பக்கத்துக்கு நான் எழுதிய சுருக்கம்) வராமல் குக்கி அறிவிப்பின் வரிகள் வருகின்றன! அந்தப் பெட்டிக்கு டேட்டா-நோஸ்னிப்பெட் (இந்தப் பகுதியைத் தேடல் முடிவில் காட்டாதே என்று சொல்லும் குறியீடு) போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அறிவிப்பே ஜாவாஸ்கிரிப்ட் மூலம்தான் ஏறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இதைப் போட்டு யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்துக்கான தேடல் சொற்களைப் பட்டியலிடும் குறியீடு) போடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

திருத்தியபின் ஒவ்வொரு முகவரியாக மறு இண்டெக்ஸிங் (கூகுள் மீண்டும் படித்துப் பதிவது) கேட்க வேண்டுமா, சைட்மேப்பில் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பில்) தேதியை மாற்றினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.