கேலெப்: முழு இதயமா, நாயா?

நெல்லைக்காரி: டல்லாஸில் அண்ணன் மகனுக்கு கேலெப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வழக்கமான சி இல்லை, கே போட்டு. 'முழு இதயம்' என்று பொருளாம், அண்ணி எங்கோ படித்திருக்கிறார். மாமா ஒருவர் "எபிரேயத்தில் அது நாய்" என்று சொல்லிவிட்டுப் போக, மூன்று நாளாக வீட்டில் பேச்சே இல்லை. எது சரி?

ஒற்றெழுத்து: மாமா பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. எபிரேயத்தில் கோல் என்றால் எல்லாம், லேவ் என்றால் இதயம். இரண்டும் சேர்ந்தால் லாமெத் எழுத்து இரண்டு வர வேண்டும். பெயரில் இருப்பது காஃப், லாமெத், பேத். லாமெத் ஒன்றே ஒன்று. நாயைக் குறிக்கும் கெலெவ் என்ற சொல்லிலும் அதே மூன்று எழுத்துதான், உயிரொலி மட்டும் மாறும். அப்புறம் அந்த கே, சும்மா ஸ்டைல்.

ஞாயிறுபள்ளி: எழுத்தை எண்ணினால் முடிந்ததா? இந்தப் பெயர் வந்ததே விவிலியத்துக் காலேபிடமிருந்துதான், தமிழில் அப்படி எழுதுகிறோம். கானானை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பயந்து பின்வாங்க, யோசுவாவும் காலேபும்தான் நின்றார்கள். யோசுவா 14:7-இல், என் இருதயத்தில் இருந்தபடியே செய்தி சொன்னேன் என்கிறார் காலேப். பெற்ற பிள்ளைக்கு நாய் என்று யார் பெயர் வைப்பார்?

ஒற்றெழுத்து: இதயம் கதையில் இருக்கிறது, பெயரில் இல்லை. பழைய யூதா நாட்டு நகரமான லாகீசில் 1935-இல் கிடைத்த பானையோட்டுக் கடிதங்களைப் பாருங்கள். கீழே இருப்பவன் மேலதிகாரிக்கு, 'உம் அடியான் யார், ஒரு நாய்தானே' என்ற பொருளில் எழுதுகிறான். எண்ணாகமம் 14:24-இல் கடவுள் காலேபை அழைப்பதும் 'என் தாசன்' என்றுதான். மாணிக்கவாசகர் தன்னை நாயேன் என்றால் உருகுகிறோம், இங்கே மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

ஞாயிறுபள்ளி: தன்னையே தாழ்த்திச் சொல்வது வேறு, தொட்டிலில் போட்டுக் கூப்பிடுவது வேறு. ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழங்காசு: கே-யை ஸ்டைல் என்று தள்ளியது தவறு. காஃபுக்கு சி-யைவிட கே-தான் நெருக்கம். ஆறாம் நூற்றாண்டில் அக்சூமை ஆண்ட எத்தியோப்பிய அரசர் காலேபின் பெயரை ஆங்கில வரலாற்று நூல்களே கே போட்டு எழுதுகின்றன. தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, எதைப் போட்டாலும் ககரம்தான்.

ஒற்றெழுத்து: சரி, கே விஷயத்தில் நான் அவசரப்பட்டேன்.

நெல்லைக்காரி: லாமெத் கணக்கை அண்ணியிடம் சொன்னேன். "நாய் என்றால் என்ன, நன்றியுள்ளதுதானே" என்று சிரித்துவிட்டார். மாமாவுடன் மட்டும் இன்னும் பேசவில்லை.