‘பிளேபுக்’: ஆட்ட நூலா, அடவேடா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தம்பி மொழிபெயர்க்கும் அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரையின் தலைப்பிலேயே மூன்று முடிச்சுகள்: ரூக்கி, குவார்ட்டர்பேக், பிளேபுக். இவற்றுக்குக் குழுவில் வந்த தமிழ்ச் சொற்களைப் பற்றித்தான் இந்த மடல். கல்லூரி ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த இளைஞர் ஒருவர் என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீகின் அணி ஒன்றின் பிளேபுக்கோடு ஒத்துப்போவாரா என்பதுதான் கட்டுரையின் கேள்வி. முதல் இரண்டு முடிச்சுகளும் எளிதில் அவிழும்.

ரூக்கிக்குக் ‘கற்றுக்குட்டி’ வேண்டாம். அது திறமைக் குறைவைச் சொல்கிறது. ரூக்கி என்பதோ வெறும் கணக்கு. லீகில் முதல் பருவம் ஆடுபவர், அவ்வளவுதான். 2023இல் ஹூஸ்டன் அணிக்கு வந்த சி.ஜே. ஸ்ட்ரவுட் முதல் ஆண்டிலேயே எறிந்த பந்துகளால் அணியை 4,108 கெஜம் முன்னேற்றினார். எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் ஐந்தே ஐந்து. அவரைக் கற்றுக்குட்டி என்று எழுதினால், அந்தப் பெயர் எழுதியவருக்குத்தான் ஒட்டும். ‘முதலாண்டு ஆட்டக்காரர்’ போதும்.

பந்தை வாங்கி எறிந்து, அணியின் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு வந்த ‘நடத்துநர்’ மோசமில்லை. ஆனால் அதைப் படித்ததும் எனக்கு விசிலும் டிக்கெட் கட்டுமாக ஒருவர் கண்முன் வந்து நிற்கிறார். விக்கெட்டை விட்டுவைத்த தமிழ், குவார்ட்டர்பேக்கையும் விட்டுவைக்கட்டும்.

அணியின் பிளேக்களையெல்லாம் தொகுத்து வைத்திருக்கும் பிளேபுக்தான் மல்லுக்கட்டுகிறது. ‘ஆட்ட நூல்’ என்றால் விதிமுறைப் புத்தகம் என்றே யாரும் நினைப்பார்கள். ‘வியூக நூல்’ கேட்க மிடுக்காக இருக்கிறது. ஆனால் வியூகம் என்பது பந்து அசைவதற்கு முன் வீரர்கள் நிற்கும் நிலை. பிளே என்பது பந்து அசைந்த பிறகு பதினொருவரும் செய்வது: யார் எந்தத் தடத்தில் ஓடுவது, யார் யாரை மறிப்பது, பந்து யார் கைக்குப் போவது. முன்பே வகுத்து, பெயரிட்டு, கால் தானாகப் போகும்வரை பழகிய இப்படிப்பட்ட அசைவுக்குத் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. பரதத்திலும் பறையாட்டத்திலும் அதை அடவு என்கிறோம். ஆகவே பிளே = அடவு, பிளேபுக் = அடவேடு. நூல் எழுதி முடிக்கப்பட்ட பொருள். பதிவேடு, நாளேடு என்று வரும் ஏடு, சேர்க்கவும் கழிக்கவும் இடம் தருவது. அணிகளும் வாராவாரம் எதிரணியைப் பார்த்து அப்படித்தான் செய்கின்றன.

கட்டுரையின் கேள்விக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல, நான் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே அமெரிக்காவில், கொலம்பஸில் ஒரு சனிக்கிழமை, கல்லூரி ஆட்டம். கோட்டுக்கு வெளியே மூன்று பேர் ஒரே நேரத்தில் கையை ஆட்டுகிறார்கள். ஒருவர் காட்டுவதுதான் உண்மைச் சைகை, மற்ற இருவரும் எதிரணியை ஏமாற்ற. பக்கத்தில் ஒரு பையன் படம் ஒட்டிய பலகையைத் தூக்கிப் பிடிக்கிறான். களத்திலுள்ள பதினொருவரும் ஒருசேரத் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், அடவு புரிந்துவிடுகிறது. குவார்ட்டர்பேக் வாய் திறக்கவே இல்லை.

என்எஃப்எல்லில் அவர் பேசவேண்டும். 1994 முதல் அங்கே குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் வானொலி உண்டு. பின்புறம் பச்சைப் பொட்டு வைத்த ஹெல்மெட் அதுதான். பயிற்சியாளர் சொல்வது அவர் ஒருவர் காதில் மட்டும் விழும். அதை வட்டமாகக் கூடியிருக்கும் மற்ற பத்துப் பேரிடம் அவர் பிசகாமல் ஒப்பிக்கவேண்டும். ‘கிரீன் ரைட் ஸ்லாட், ஸ்பைடர் டூ, ஒய் பனானா’ என்று ஒரு அடவு பிரபலம். முதல் துண்டு நிற்கும் நிலை, அடுத்தது எறிபவரைக் காக்கும் முறை, ‘ஒய்’ என்பது டைட் எண்ட் என்னும் ஆட்டக்காரர், ‘பனானா’ அவர் வாழைப்பழம்போல் வளைந்து ஓடும் தடம். இது சின்ன வாக்கியம். பந்து அசையுமுன் ஒருவர் இடம் மாறுவதும் மாற்று அடவும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். அடுத்த அடவைத் தொடங்கத் தரும் நாற்பது வினாடியில் பதினைந்து பாக்கி இருக்கும்போது வானொலி அணைந்துவிடும். பிறகு எதிரே நிற்பவர்களைப் படித்து, தேவையானால் அடவை மாற்றி, பந்தை வாங்கவேண்டும். (கல்லூரிகளின் மேல்தட்டிலும் 2024இல் வானொலி வந்துவிட்டது. அதற்கு முன் வந்தவர்கள் பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.)

ஆகவே இது சின்ன ஏட்டிலிருந்து பெரிய ஏட்டுக்குப் போவதல்ல. சைகை மொழியில் வளர்ந்தவரை மேடையேற்றிச் செய்யுள் ஒப்பிக்கச் சொல்வது. போதாக்குறைக்கு விதியும் மாறுகிறது. எறிவதற்கு முன் தடுப்புவரிசையினர் கல்லூரியில் மூன்று கெஜம் முன்னேறலாம், என்எஃப்எல்லில் ஒன்றுதான். ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் கல்லூரி அடவுகள் பல இந்த இரண்டு கெஜத்தில் அடிபட்டுப்போகும்.

இனி ஆங்கிலத் தலைப்பிலுள்ள ‘அடாப்ட்’. தகவமைதல் என்று எழுதலாம்; பாடப்புத்தகத்தில் ஒட்டகமும் கள்ளிச்செடியும் செய்வது அது. எனக்குப் பொருந்து, பொருத்து பிடிக்கிறது. தன்வினையும் பிறவினையும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. பையன் ஏட்டுக்குப் பொருந்துகிறானா, ஏட்டைப் பையனுக்குப் பொருத்துகிறார்களா? என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஜேரட் காஃப் 2016இல் முதல் ஆளாகத் தேர்வானார். அந்தப் பருவம் ஆடத் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. மறு ஆண்டு முப்பது வயது ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அணியைச் சீக்கிரமே கோட்டில் நிறுத்திவிட்டு, வானொலி அணையும்வரை பையனின் காதில் பேசிக்கொண்டே இருந்தார். 4-12 (நான்கு வெற்றி, பன்னிரண்டு தோல்வி) ஆக இருந்த அணி 11-5 ஆனது. பையன் அதே பையன்தான். 2012இல் ராபர்ட் கிரிஃபினுக்கு வாஷிங்டன் அணி கல்லூரிப் பாணி அடவுகளையே ஏட்டில் சேர்த்தது. 2024இல் அதே அணியில் ஜெய்டன் டேனியல்ஸுக்கு ஏடு வகுத்த கிளிஃப் கிங்ஸ்பரி, நெடுநாள் கல்லூரிப் பயிற்சியாளராக இருந்தவர். இருவருமே அவரவர் ஆண்டின் சிறந்த முதலாண்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்கள்.

எனவே என் இன்னொரு பரிந்துரை: ஆட்டக்காரர் அணியின் ஆட்டப் பாணிக்கு ஒத்துவருவதைச் சொல்லும் ‘ஸ்கீம் ஃபிட்’ என்பதற்கு ‘ஏட்டுப் பொருத்தம்’.

அன்புடன்,
கொலம்பஸிலிருந்து

*

அண்ணா, வணக்கம்.

முப்பது ஆண்டுகளாக அடவு சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் குறுக்கிடுகிறேன். அடவு ஒருத்தி தனியாகப் போடுவது. தட்டடவு, நாட்டடவு எல்லாமே அப்படித்தான். அடவுகளைத் தொடுத்து ஆடுவது கோவை. பதினொருவர் சேர்ந்து செய்வதற்கு அதல்லவா பொருத்தம்? ஆனால் ‘கோவை ஏடு’ என்று அச்சிட்டால் கோயம்புத்தூர் முகவரிக் கையேடு என்று வாங்கிப்போவார்கள் என்பதும் தெரிகிறது.

இன்னொன்று. பொருந்து, பொருத்து இரண்டையும் சொன்னீர்கள், மூன்றாவதை விட்டுவிட்டீர்கள். என் மகன் சொல்லித் தெரியும், பெய்டன் மேனிங் 1998இல் முதலாண்டில் 28 பந்துகளைப் பறிகொடுத்தார், அணி 3-13. அடுத்த ஆண்டு 13-3. அவரை உட்காரவைக்கவுமில்லை, பொத்திப் பாதுகாக்கவுமில்லை. அரங்கேற்ற மேடையிலேயே தப்புத் தப்பாக ஆடிக் கற்றிருக்கிறார். அதற்குச் சொல் பழகுதல்தான். நாங்கள் வகுப்பில் வேறெந்தச் சொல்லும் பயன்படுத்துவதில்லை.

தஞ்சாவூரிலிருந்து

*

அம்மா,

அடவைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு எனக்கு எதிர்ப்பேச்சு ஏது. ஆனாலும் ஒரு வேண்டுகோள்: ஒருவர் ஓடுவதற்குத் தடம் என்று தனிச்சொல் வைத்துக்கொண்டோமே, பதினொரு தடம் சேர்ந்தது அடவு என்று இந்தக் களத்துக்கு மட்டும் கடன் கொடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்களை நினைத்தாவது.

மேனிங் விஷயம் சரி. பழகுதலை ஏற்கிறேன். அதற்கு எதிர்ப்புறம் பாட்ரிக் மஹோம்ஸ் இருக்கிறார். 2017இல் கான்சஸ் சிட்டி அவரை அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கியது. மறு ஆண்டு 50 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) எறிந்தார். அதுவும் பழகுதல்தான், வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து.

‘ஏட்டுப் பொருத்தம்’ ஜாதகத்தை நினைவூட்டுகிறது என்று ஒருவர் தனிமடலில் கேலி செய்தார். நினைவூட்டட்டுமே. ஏப்ரலில் 32 அணிகள் வரிசையில் நின்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், உயரம், எடை, கையின் அளவு என்று அளந்து குறித்துக்கொள்வதைப் பார்த்தால் பெண் பார்க்கும் படலம் தோற்றுவிடும்.

தம்பி, தலைப்பை ‘கல்லூரியிலிருந்து வந்தவர் அடவேட்டுக்குப் பொருந்துவாரா?’ என்று வைத்துப்பாருங்கள். உள்ளே பயிற்சியாளர் பேச்சு அதிகம் வந்தால் ‘அடவேட்டைப் பொருத்துவார்களா’ என்று மாற்றிவிடலாம், பெரிய வேலையில்லை. அந்தப் பலகை தூக்கும் பையனுக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. யாராவது முயன்று பாருங்கள்.

கொலம்பஸிலிருந்து