புரட்டாசி மாதமும் ஒரு கோஷர் பீட்சாக் கடையும்

புரட்டாசி பிறந்தால் எனக்கு நியூயார்க் மான்ஹாட்டனில் மதியச் சாப்பாடு பெரும்பாடு. அலுவலகம் 38ஆம் தெருவில், துணிக்கடையும் பட்டன் கடையுமாக இருக்கும் கார்மென்ட் டிஸ்ட்ரிக்டில். சாதாரண பீட்சாக் கடையில் வெறும் சீஸ் துண்டு கேட்டாலும் பெப்பரோனிக் கறி வெட்டிய அதே கத்திதான் அதிலும் ஓடியிருக்கும். மீன் சட்டியைத் தனியாகக் கவிழ்த்து வைக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த மாதத்தில் அது தொண்டையில் இறங்காது.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் யூதர், தலையில் எப்போதும் கிப்பா என்ற சின்ன வட்டத் தொப்பி இருக்கும். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "கறியே நுழையாத கடை இருக்கிறது, வா" என்று கூட்டிப்போனார். பாலும் கறியும் சேரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆட்டுக்குட்டியை அதன் தாய்ப்பாலில் வேகவைக்கக் கூடாது என்று அவர்கள் வேதமான தோராவில் மூன்று இடத்தில் வருகிறதாம். அதனால் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும் உணவகம் என்றால் ஒன்று பால் கடை, இல்லை கறிக் கடை. பீட்சாவில் சீஸ் இருப்பதால் அது பால் கடை.

சரி, தப்பித்தோம் என்று கண்ணாடிக்குள் பார்த்து ஒரு துண்டைக் கை காட்டினேன். "அது டியூனா" என்று நண்பர் தடுத்தார். மீன் அவர்களுக்குக் கறிக் கணக்கில் வராது! புரட்டாசிக்காரர்கள் கவனம்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் மறக்கவில்லை. கைகழுவும் தொட்டி கழிவறைக்குள் இல்லை, சாப்பிடும் கூடத்திலேயே இருந்தது. பக்கத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு குவளை. தாடி வைத்த ஒரு பெரியவர் அதில் தண்ணீர் பிடித்து வலக்கையில் ஊற்றி, அப்புறம் இடக்கையில் ஊற்றி, ஏதோ முணுமுணுத்தபடி துடைத்துக்கொண்டு வந்தார். அவர் மேசையில் இன்னொரு நாற்காலி இருந்தது. "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு "ம்ம்" என்றார், நாற்காலியை நோக்கிக் கையை ஆட்டினார், அவ்வளவுதான். என்ன மனுஷன் இவர் என்று இருந்தது. உட்கார்ந்தார், மெதுவாக ஏதோ சொன்னார், பீட்சாவை ஒரு கடி கடித்து மென்று விழுங்கினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "மன்னிக்கணும், உட்காருங்கள், உட்காருங்கள்!" என்றார். ரொட்டிக்காகக் கை கழுவினால் முதல் வாய் விழுங்கும்வரை பேசக்கூடாதாம்.

"நீங்கள் ஏன் கழுவவில்லை?" என்று நண்பரிடம் கேட்டேன். பீட்சா ரொட்டியா பலகாரமா என்பது ஓயாத வழக்கு. ஒரு துண்டோடு நிறுத்தினால் பலகாரம், இரண்டு என்றால் சாப்பாடு என்பது அவர் பின்பற்றும் கணக்கு. அன்றைக்கு அவர் ஒரு துண்டுதான் வாங்கியிருந்தார்.

இரண்டாம் முறை போனபோது சுக்கோத் என்ற யூதர்களின் பந்தல் பண்டிகை. கடைக்கு முன்னால் நடைபாதையிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். பக்கமெல்லாம் பலகை, மேலே மூங்கிலும் தழையும். இரவில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி இடைவெளி விட்டுத்தான் வேய்வார்களாம். அந்த வாரம் முழுக்க நண்பர் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடமாட்டார், பந்தலில்தான். வெளியே டாக்ஸி ஹாரன், உள்ளே எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுப் பச்சைத் தழை வாசனை.

விலை பக்கத்துக் கடையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். மேற்பார்வைக்கு மஷ்கியாக் என்று ஒரு ஆள், பால் கறப்பதில் தொடங்கிக் கண்காணித்த சீஸ், சனிக்கிழமை வியாபாரம் கிடையாது. கட்டுப்படியாக வேண்டாமா?

* * *

(இதைப் படித்தவர்கள் எழுதியவை)

நாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட கதையையும் கேளுங்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, மெயின் ஸ்ட்ரீட்டில் கியூ கார்டன்ஸ் ஹில்ஸ் பக்கம் ஒரு கோஷர் பீட்சாக் கடைக்குப் போனோம். பெரியவர்களுக்கு பீட்சா சொல்லிவிட்டு, குழந்தைக்கு டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறந்தேன். கடைப் பையன் ஓடி வந்தான். வெளிச் சாப்பாடு கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. "வெறும் சோறும் தயிரும்தானே, சுத்த சைவம்" என்று வாதாடிப் பார்த்தேன். எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்று தெரியாதே என்றான், பணிவாகத்தான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் என்னைத்தான் அதட்டினார்: "அவன் சொல்றது நியாயம்தானே? எங்க பாட்டி மடிச் சமையல்ல வெளிப் பாத்திரத்த விட்டிருப்பாளா?" கடைசியில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஊட்டினேன்.

* * *

ஒரு சந்தேகம். சீஸுக்குப் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்களே, அது சைவத்தில் சேருமா?

* * *

நான் போகும் கடையில் கேட்டுவிட்டேன், நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்தானாம். அமெரிக்காவில் கோஷர் சீஸ் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் கோஷர் என்றாலே சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முறைப்படி அறுத்த கன்றிலிருந்து எடுத்ததென்றால் அவர்களுக்குக் கூடும். ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிடுவது நல்லது.

* * *

ப்ரூக்ளின் ஃப்ளாட்புஷ்ஷில் மாணவனாக இருந்தபோது, ஏப்ரல் மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குப் பசியோடு கிளம்பினேன். தெருமுனைப் பீட்சாக் கடையில் வாசலைத் தாண்டி வரிசை. யூதர்களின் பஸ்கா பண்டிகை அன்றுதான் முடிந்திருந்தது. எட்டு நாள் புளித்த மாவுப் பண்டம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு மொத்தப் பேட்டையும் அங்கே வந்து நிற்கிறது. உள்ளே அப்போதுதான் மாவே பிசைந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பிள்ளைகளோடு நின்றவர் ஐந்து முழு பீட்சா வாங்கினார். போகிற போக்கில், "உனக்கு எத்தனை?" என்றார். ஒரு துண்டுதான் என்றேன். பெட்டியைத் திறந்து அங்கேயே ஒரு துண்டை எடுத்து நீட்டினார். காசு வாங்கவில்லை. மேல் அண்ணமெல்லாம் வெந்துவிட்டது, அது வேறு விஷயம்.

* * *

எனக்கு இது தலைகீழாக நடந்தது. லெக்சிங்டன் அவென்யூவில் 27, 28ஆம் தெருப் பக்கம் கோஷர் சான்றிதழ் மாட்டிய நம் ஊர் சைவ உணவகங்கள் உண்டு. அப்படி ஒன்றில், பக்கத்து மேசைக்கு வந்த கிப்பாக்காரர் உட்காருவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழின் காலாவதித் தேதியைப் படித்தார். பிறகுதான் மசால் தோசை சொன்னார். தோசை வந்ததும் என் பக்கம் திரும்பி, "இது கோதுமையா, அரிசியா?" என்றார். அதைப் பொறுத்து ஜபம் மாறுமாம். அரிசியும் உளுந்தும் என்றேன். உளுந்து என்றால் என்ன என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் தோசை ஆறி வளைந்துவிட்டது.