பயோமெக்கானிக்ஸ் (உடம்பு அசையிறதையும் அதில விழுற விசையையும் படிக்கிறது), பயோமெடிக்கல் பக்கம் இருக்கிற ஆக்கள், ஊரில ஆரைச் சந்திச்சீங்கள்?

நிலாவெளியில இருந்து:

நான் வேலை செய்யிறது வெளியில ஒரு யூனிவர்சிட்டியில, மனுசர் நடக்கிறதை அளக்கிறதுதான் தொழில். தரைக்குள்ள போர்ஸ் பிளேட், அதாவது கால் மிதிக்கிற விசையை அளக்கிற தட்டு, பதிச்சிருக்கும், உடம்பில மார்க்கர் ஒட்டி சுத்திவர கமரா வச்சுப் பிடிச்சு, பிறகு அந்த அசைவிலயும் விசையிலயும் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த மூட்டில எவ்வளவு பாரம் எண்டு எடுப்பம். சும்மா நடக்கேக்கயே இடுப்பு மூட்டில எங்கட நிறையைப் போல ரெண்டரை மூண்டு மடங்கு விழும், செயற்கை மூட்டுக்குள்ள சென்சர் வச்சே அளந்திருக்கினம். தசை மூட்டுக்குக் கிட்டப் பிடிச்சு இழுக்கிறதால நெம்புகோல் சின்னன், அதான் அவ்வளவு இழுவை. ஆய்வுகூடத்தில இதெல்லாம் நல்ல வடிவாத்தான் வரும், தரை மட்டமா இருக்கும், ஆக்கள் சப்பாத்தோட வருவினம்.

லீவில வந்தா விடிய கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போறது என்ர பழக்கம். அங்க வாடியில ஒரு ஐயா, இடக்கால் முழங்காலுக்குக் கீழ செயற்கைக்கால், கரைக்கு வாற கயித்தைச் சுத்தி அடுக்கிறது அவற்ற வேலை. என்ன தம்பி வேலை எண்டு கேட்டார், சொன்னன், உடன காலைக் கழட்டி எனக்கு முன்னால வச்சிட்டு "அப்ப இவனைப் பாத்துச் சொல்லும், ரோட்டில நல்ல பிள்ளை, மண்ணுக்க இறங்கினாத்தான் குழப்படி" எண்டார்.

நான் பாக்க முதல் அவரே முழுக்கச் சொல்லிப்போட்டார். குதி புதையுது, முன்பாதம் தள்ளித் தருதில்ல, இது எனக்கும் தெரிஞ்சதுதான். மற்றது தெரியாது. இங்க கடல் கிழக்க, கரை அந்தப் பக்கம் சரிஞ்சுதானே கிடக்கு, வடக்க போகேக்க இடக்கால் மேட்டுப்பக்கம் வரும், அப்ப செயற்கைக்கால் நீளம் கூடின மாதிரி ஆகி பெருவிரல் மண்ணைக் கிழிக்கும். தெற்க வரேக்க அது பள்ளத்துப் பக்கம், தூக்கி வைக்கச் சுகம். அதால மனுசன் போறது ரோட்டால, வாறது கரையால. ஒரு பேப்பர் எழுதுற அளவு விசயம், ஐயா பீடியைப் பத்த வச்சுக்கொண்டு ரெண்டு வசனத்தில முடிச்சார்.

மண்ணில நடக்கிறதைப் பற்றி ஆய்வு இல்லை எண்டில்ல. 1998ல வந்த ஒரு ஆய்வில அதே வேகத்தில மண்ணில நடக்க, கெட்டித் தரையைவிட 2.1ல இருந்து 2.7 மடங்கு சக்தி போகுது எண்டு அளந்தவை. ஆனா அது ரெண்டு காலும் உள்ள ஆக்கள். ஜெய்ப்பூர்க் கால் எண்ட இந்தியச் செயற்கைக்கால் 1968ல வந்ததே சப்பாத்துப் போடாம நடக்கிற, குந்தி இருக்கிற சனத்துக்காகத்தான், அதுக்கு முந்தி இருந்த பாதங்கள் சப்பாத்துக்குள்ள போறதுக்கெண்டு செஞ்சது.

வீடியோ எடுக்கவா எண்டு உடன கேக்கேல்ல. எதிக்ஸ் கிளியரன்ஸ், அதாவது ஆய்வு நெறிமுறைக் குழுவின்ர அனுமதி, இல்லாம ஒருத்தரையும் அளக்க ஏலாது, அவர் ஓம் எண்டாலும்தான். அதை விளங்கப்படுத்தினன், "நான் தாற காலுக்கு அவங்கள் ஏன் கையெழுத்துக் கேக்கிறாங்கள்" எண்டு சிரிச்சார். அந்த அனுமதிக்குரிய பேப்பரெல்லாம் இப்ப குடுத்திருக்கு. ஓப்பன்கேப் எண்டு ஒண்டு இருக்கு, ரெண்டு ஐபோன் வீடியோவில இருந்தே மூட்டு அசைவைக் கணக்குப் போடும், கரைக்கு அதைத்தான் கொண்டுபோற யோசனை.

ஓர்ஸ் ஹில்லில இருந்து:

நான் பிசியோ. முழங்கால் மூட்டை எடுத்துச் செயற்கை மூட்டு வச்ச ஆக்களிட்ட எத்தினை பாகை மடங்குது எண்டு நாங்க எழுதிக்கொண்டிருப்பம், அவைக்கு வேற கணக்கு. கிண்ணியாவில இருந்து வந்த ஒரு உம்மா முதல் நாளே கேட்டது "மகள், சுஜூதுக்குப் போகலாமா" எண்டுதான், தொழுகையில முழங்காலை மடிச்சு நெத்தியை நிலத்தில வைக்கிறது அது. நடக்க 60 பாகையளவு மடிஞ்சாக் காணும், குந்தவோ அப்பிடி இருக்கவோ 130க்கு மேல வேணும், எல்லா மூட்டும் அந்தளவு தராது. கதிரையில இருந்து தொழலாம்தானே எண்டன், "தொழலாம், ஆனா கேக்கிறது அதை இல்லையே" எண்டுட்டா. உங்கட ஆக்கள் டிசைன் பண்ணேக்க இந்தக் கேள்வியை ஆர் கேக்கிறது?

உப்புவெளியில இருந்து:

மகள் ஏஎல் மத்ஸ். இந்த லைன் சரிவருமோ, உழைப்பு இருக்கோ? உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணே.

நிலாவெளியில இருந்து:

அக்கா கேட்டது சரியான கேள்வி, கேக்கிற ஆக்கள் குறைவு, நோயாளியளோட நிக்கிற நீங்கள்தான் எங்கட கூட்டங்களில வந்து இருக்கோணும்.

அண்ணே, உள்ளதைச் சொல்லுறன். மொரட்டுவையில இலத்திரனியல் தொலைத்தொடர்பு டிப்பார்ட்மெண்டுக்க பயோமெடிக்கல் டிகிரி இருக்கு. அது கிடைக்காட்டிலும் மெக்கானிக்கல் படிச்சிட்டு வரலாம், பயோமெக்கானிக்ஸின்ர தகப்பன் எண்டு சொல்லுற வை.சி. ஃபங் முதல்ல ஆகாய விமானப் பொறியியல்காரர், 1966லதான் சான் டியாகோவுக்குப் போய் ரத்தம், நுரையீரல் எண்டு மாறினவர். பிஎச்டி முடிஞ்சாப் பிறகுதான் கஷ்டம் தொடங்கும், போஸ்ட்டொக் எண்ட அதுக்குப் பிறகு வாற ஆய்வு வேலையெல்லாம் ஒப்பந்தம், ஆய்வுக்குக் காசு கேட்டு கிராண்ட் எழுதிறதுதான் பாதி நாள், நிரந்தர இடம் குறைவு, வீட்டில கலியாணக் கதை வேற. கம்பனி வேலை, செயற்கை உறுப்பு, மெடிக்கல் டிவைஸ் பக்கம் போனா அதைவிட நிம்மதி.

இப்பவே பாக்கோணும் எண்டா ஓப்பன்சிம் எண்டு உடம்பின்ர அசைவைக் கணிச்சுப் பாக்கிற ஒரு சொப்ட்வெயார், ஸ்டான்போர்ட்காரர் செஞ்சது, சும்மா இறக்கலாம், சாதாரண லாப்டொப் காணும். கம்பைன்ட் மத்ஸில படிக்கிற நிலையியலும் இயக்கவியலும்தான் அதுக்குள்ள எலும்பும் தசையுமாக் கிடக்கு. ஒரு மாசம் நோண்டிப் பாக்கச் சொல்லுங்கோ, பிடிச்சா எனக்கு மெசேஜ் போடட்டும், பிடிக்காட்டி சிவிலுக்குப் போகட்டும்.