தற்காப்புக்கு எந்தக் கலை, எந்த மாஸ்டர்? நாங்கள் பார்த்ததும் பட்டதும்

கராத்தேயா, ஜூடோவா, குத்துச்சண்டையா, இஸ்ரேலியத் தற்காப்பு முறையான கிராவ் மகாவா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு மாலை போய் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டும்போது மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். கலையின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்.

சேர்வதற்கு முன் நான் பார்க்கப் போன ஒரு வகுப்பில் கத்தியைப் பிடுங்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாணவர் ரப்பர் கத்தியை நீட்டிக் குத்தினார். குத்திய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார், மாணவர் தானாகவே உருண்டு விழுந்தார். "கையை உடனே இழுத்துக்கொண்டு மறுபடியும் குத்தினால் என்ன செய்வது சார்?" என்று கேட்டேன். "நிஜத்தில் யாரும் அப்படிக் குத்த மாட்டார்கள்" என்றார். நிஜத்தில் அப்படித்தான் குத்துவார்கள். தையல் மிஷின் ஊசி மாதிரி கை போய்ப் போய் வரும், எதைப் பிடிப்பது? டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் 1983-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைச் சொன்னார்: கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கே பயிற்சி பெற்றவருக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். "கத்தியைப் பார்த்தால் ஓடு, ஓட முடியாவிட்டால் பையோ நாற்காலியோ கிடைத்ததைக் குறுக்கே பிடி" என்று சொல்கிற மாஸ்டரைத்தான் நான் நம்புவேன்.

கடைசியில் ஜூடோவில் சேர்ந்தேன். முதல் நாள் எறியவோ பிடிக்கவோ சொல்லித்தரவில்லை. விழுவது எப்படி, வலித்தால் 'போதும்' என்று கையால் தட்டுவது எப்படி, எதிராளி தட்டினால் அந்தக் கணமே விடுவது எப்படி என்பதுதான் பாடம். பிறகு, என்னைவிட ஒல்லியான ஒருவர் என் காலரையும் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டு "முடிந்தால் நகருங்கள்" என்றார். நகர முடியவில்லை. ஜப்பானியரான ஜிகோரோ கானோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானிய மல்லுக்கலையிலிருந்த ஆபத்தான உத்திகளை, முன்பே வகுத்த வரிசைப்படி இருவர் செய்துகாட்டும் முறைப்பயிற்சிக்கென்று தனியே ஒதுக்கி வைத்தார். முழு வேகத்தில் செய்தாலும் ஆள் முடமாகாதவற்றைச் சுதந்திரமான மல்லுக்கு வைத்துக்கொண்டார். அந்த மல்லுக்கு ராண்டோரி என்று பெயர். கண்ணைக் குத்துவதை முழு வேகத்தில் யாரும் பழகிப்பார்க்க முடியாது. ஒருவரைத் தூக்கிப் போடுவதைத் தினமும் பழகலாம்.

அதன் பலன் ஒரு ராத்திரி தெரிந்தது. வண்டி நிறுத்துமிடத்தில், இடித்துவிட்டேன் என்று சொல்லி ஒருவன் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். காது அடைத்துப்போனது. அவன் முஷ்டியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பெயர் தெரிந்த எறிதல் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் இடுப்பு தானாகத் தாழ்ந்தது, கை அவன் முழங்கைத் துணியைப் பிடித்தது, நான் திரும்பினேன், அவன் பக்கத்து வண்டியில் போய் மோதினான். ஓடி வந்துவிட்டேன். சட்டையைப் பிடித்து ஒருவர் நெருக்குவது எனக்கு ஒவ்வொரு வகுப்பிலும் நடப்பதுதான், அதனால் உடம்பு உறைந்துபோகவில்லை.

குறைகளும் உண்டு. ஜூடோ வகுப்பில் முகத்தில் குத்து வாங்கிப் பழக்கமில்லை. பிரேசிலிய ஜுஜுட்சுவில் தரையில் ஒருவனைக் கட்டிப்போடலாம், அதற்குள் அவன் கூட்டாளி வந்து தலையில் உதைப்பான். கியோகுஷின் கராத்தேயில் முழு பலத்தோடு மோதுவார்கள், ஆனால் போட்டியில் கையால் முகத்தில் குத்தக் கூடாது என்பதால் பலருக்கு முகத்தைக் காக்க வேண்டிய கை இறங்கியே இருக்கும். குத்துச்சண்டைக்காரர் கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் அவருடைய கை எலும்பே உடையலாம். மாஸ்டர் தன் கலையின் ஓட்டையைத் தானே வாய் திறந்து சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

*

மேலே எழுதியவர் சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் பெண்கள் விஷயத்தில் இது பாதிதான். எங்களைத் தாக்குபவன் இருட்டில் வரும் அந்நியனாக இருப்பதைவிடத் தெரிந்தவனாக இருப்பதே அதிகம். என்னைப் பிடித்தவனும் அலுவலகத்தில் தினமும் வணக்கம் சொல்பவன்தான். மாடிப்படித் திருப்பத்தில் தோளில் கை போட்டான், விலகினேன், மறுபடி போட்டான். உதைக்கவோ குத்தவோ தோன்றவே இல்லை. "கையை எடுங்கள்" என்று கீழ்த்தளம் வரை கேட்கும்படி கத்தினேன். எடுத்துவிட்டான்.

அந்தக் குரல் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. தெரிந்தவர் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்வதை எங்கள் தற்காப்பு வகுப்பு ஆசிரியை உதைக்கு இணையான பயிற்சியாக வைத்திருந்தார். ஒருவர் கெஞ்சுவார், சிரிப்பார், "என்ன தப்பா எடுத்துக்கிட்டீங்களா?" என்பார். நாங்கள் மன்னிப்புக் கேட்காமல் மறுபடி அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோருக்கும் குரல் உடைந்தது. கனடாவில் முதலாண்டு மாணவிகளுக்கு 12 மணி நேரம் இதுபோன்ற பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். ஆபத்தை முன்கூட்டியே உணர்வது, தெரிந்தவரை எதிர்ப்பது, உடலால் தற்காத்துக்கொள்வது என மூன்றும் அதில் இருந்தன. 2015-இல் முடிவு வெளியானது: ஓராண்டுக்குள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகும் வாய்ப்பு, கையேடு மட்டும் தரப்பட்ட குழுவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம். இந்தப் பகுதியே இல்லாமல் உதையை மட்டும் சொல்லித்தரும் வகுப்புக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

மாஸ்டரைப் பற்றி இன்னொன்று. நிலையைத் திருத்தத் தொடுவதற்கு முன் கேட்கிறாரா? "இந்தப் பயிற்சி வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் காரணம் கேட்காமல் விடுகிறாரா? நான் பார்த்த ஒரு மாஸ்டர் "வெட்கப்பட்டால் கற்றுக்கொள்ள முடியாது" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். அன்றோடு வந்துவிட்டேன். வேண்டாம் என்பதை மதிக்காதவரிடம் வேண்டாம் என்று சொல்ல எப்படிக் கற்பது?

*

சொல்லித்தருபவன் என்ற முறையில் கொஞ்சம். பார்க்க வருபவர்கள் என் பெல்ட்டையும் சுவரிலுள்ள கோப்பைகளையும் பார்க்கிறார்கள். வரும் அம்மா, அப்பாக்களுக்கு நான் வேறு இடத்தைக் காட்டுவேன்: சேர்ந்து ஒரு மாதமான பிள்ளை பழைய மாணவனோடு மோதும் மூலை. பழையவன் புதியவனைப் போட்டு அடித்தால் அது என் தவறு, அந்த வகுப்பு வேண்டாம். பழையவன் பலத்தைக் குறைத்துக்கொண்டு, ஆனால் விட்டும் கொடுக்காமல், புதியவன் ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை நெருக்கிக்கொண்டே இருந்தால் தைரியமாகச் சேருங்கள்.

இத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் உறுதி என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, அதற்கான தேர்வில் யாரோடு மோத வேண்டும் என்பது. காயம் பட்டவர்களைப் பற்றியும் கேளுங்கள். "எங்களிடம் யாருக்கும் அடிபட்டதே இல்லை" என்றால் அங்கே மோதலே நடக்கவில்லை. அடிக்கடி மூட்டு விலகுகிறது, மூளை அதிர்ச்சி வருகிறது என்றால் கண்காணிப்பு இல்லை. தலையில் அடிபட்டவனை எத்தனை நாள் உட்கார வைப்பீர்கள் என்று கேட்டால், நல்ல மாஸ்டர் மருத்துவர் சொல்லும்வரை என்பார்.