பொருள்: குறியாக்கப் பாடம் – எதிரியா, எதிராளியா?

நண்பர்களே,
குறியாக்கம், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் முறை பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செய்தியை நடுவழியில் ஒட்டுக்கேட்பவர், திருத்துபவர், வேறொருவராக நடிப்பவர் எல்லாருக்கும் சேர்த்து ‘அட்வர்சரி’ என்கிறார்கள். நான் ‘எதிரி’ என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர், கொலை வழக்கு வாசிப்பதுபோல் இருக்கிறது என்கிறார். வேறு சொல் உண்டா?

> வேறு சொல் உண்டா?

உண்டாவா! ‘தெவ்வுப் பகையாகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். தெவ்வர் என்றே எழுதலாம். ஒன்னார், நண்ணார், ஒட்டார் என்றும் இருக்கின்றன: ஒன்றாதவர், நெருங்காதவர், ஒட்டாதவர். இந்த மூன்றுமே எதிர்மறை வினையாலணையும் பெயர்கள். பகைவனுக்கு அவன் செய்யாததை வைத்தே பேர் வைத்திருக்கிறார்கள். பகையும் ‘பகு’வின் வழி வந்ததுதான், பிரிந்து நிற்பது.

> நண்ணார்

ஐயா, நம் ஆள் நெருங்காதவர் இல்லையே, கம்பியிலேயே காதை வைத்திருக்கிறார்! ‘கேளார்’ என்றாலும் பகைவர்தான். 643ஆம் குறளுக்குப் பரிமேலழகர் அப்படித்தான் உரை சொல்கிறார். கேட்பதே தொழிலான ஒருவரைக் கேளார் என்றால் வகுப்பு சிரிக்கும். தெவ்வர் என்றால் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு வேண்டும். எதிராளி போதுமே? சதுரங்கத்தில் எதிரே உட்கார்பவரை அப்படித்தானே சொல்கிறோம்.

> எதிராளி போதுமே?

சதுரங்க எதிராளி விதிப்படி ஆடுவார். இவர் விதியை உடைக்க வந்தவர். அப்புறம் அந்த ‘ஆளி’: கூட்டாளி, தொழிலாளி, பங்காளி. பங்காளி உறவுக்காரர்தான், சண்டைக்கும் அவரே முதல் ஆள்! சரி, அது வேறு கதை. என் ஓட்டு ‘மாற்றார்’. 471ஆம் குறளில் ‘மாற்றான் வலியும்’ தூக்கிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். குறியாக்கத்தில் முதல் கேள்வியே அதுதான்: எதிர்ப்பக்கம் எவ்வளவு கணினித் திறன் வைத்திருக்கிறது?

> மாற்றார்

குறள் பொருத்தம் அருமை. ஆனால் மாணவர் ‘மாற்று ஏற்பாடு’ என்று படிப்பார். ‘எதிரி’யை ஏன் விரட்டுகிறோம் என்றும் புரியவில்லை. குறியாக்கத்துக்குக் கணித அடித்தளம் போட்ட ஷானனே தம் 1949 கட்டுரையில், நாம் கையாளும் முறை எதிரிக்குத் தெரியும் என்று கொள்ள வேண்டும் என்கிறார். அவர் சொன்னது பகைவன் என்ற பொருளில்தான். போர்க்களத்தில் வளர்ந்த துறைக்கு விளையாட்டுச் சொல் எதற்கு?

எல்லாருக்கும் நன்றி. ‘எதிராளி’ என்று அனுப்புகிறேன். ஷானன் மேற்கோளில் மட்டும் ‘எதிரி’ இருக்கும்.

> ‘எதிராளி’ என்று அனுப்புகிறேன்

ஒரே பாடத்தில் இரண்டு சொல்லா? சொல்லடைவிலாவது தெவ்வரைச் சேருங்கள். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்கிறேன்.