மீன் சந்தை தீம்ல "இன்னிக்கு போட் போகாது"ன்னு சொன்ன பிள்ளை: எல்கேஜி, யுகேஜி தீம் அனுபவங்கள்

காசிமேடு மிஸ்

பள்ளி திறந்த வாரம். எல்கேஜியில மீன் சந்தை தீம். கடலுக்கு நீலப் புடவை விரிச்சாச்சு, அட்டை மீன், காந்தத் தூண்டில் எல்லாம் ரெடி. நாலு வயசுப் பையன் ஒருத்தன் தூண்டிலைத் தொடவே இல்ல. அட்டைப்பெட்டிப் படகைக் கவுத்துப் போட்டு அதுமேல ஏறி உக்காந்துட்டான். "இன்னிக்கு போட் போகாது மிஸ். தடை." சொல்லிட்டு கால் ஆட்டிக்கிட்டே இருக்கான். அவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் தூண்டிலைக் கீழ வெச்சுட்டாங்க.

ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைன்றது தீம் அட்டவணை போட்ட யாருக்கும் தோணல. மீன்பிடித் துறைமுகம் இருக்கற காசிமேட்டுல இப்படி ஒரு அட்டவணை!

மத்தபடி தூண்டில் நல்லா ஓடுச்சு, அளவு சொல்லிடறேன். காலண்டர் அட்டையில 15 செ.மீ. மீன், வாயில ஒரு ஜெம் கிளிப். 20 பிள்ளைங்களுக்கு 40 மீன். கோல் செய்தித்தாள் சுருட்டினது, 45 செ.மீ. நூல் 30 செ.மீ. போதும். கோலை விட நூல் நீளமா இருந்தா நாலு தூண்டில் ஒண்ணா முறுக்கிக்கும், அதைப் பிரிக்கவே பீரியட் முடிஞ்சிடும். ஒரு புடவைக்கு மூணு பேருக்கு மேல வேணாம், கோல் கண்ணுல படும். காந்தம் சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கற கறுப்பு வளையக் காந்தம், உள்ளங்கை அகலத்துக்குப் பாருங்க. சட்டை பட்டன் மாதிரி பளபளன்னு இருக்கற குட்டிக் காந்தம் வேணவே வேணாம். ரெண்டை முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுத்துக் குடலையே ஓட்டை போட்டுடும்.

அந்தப் பையனுக்கு அன்னிக்கு என்ன கொடுத்திருக்கணும்? அதான் கேள்வி.


பழைய வண்ணாரப்பேட்டை

முதல்ல ஒரு திருத்தம். தடைன்னா எல்லாப் படகும் நிக்காது. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள், விசைப்படகுக்குத்தான். சின்ன ஃபைபர் போட் போகும். அந்தப் பையன் வீடு விசைப்படகு வீடா இருக்கும். பக்கத்துல உக்காந்த பிள்ளை ஃபைபர் போட் வீடுன்னா அது தாராளமா மீன் பிடிச்சிருக்கும். ரெண்டு பேரும் சரிதான்.

சந்தைன்னதும் எல்லாரும் ஏலம் வைக்கறாங்க. பத்தே நிமிஷத்துல சத்தமா கத்தற மூணு பேர் மட்டும் மிச்சம், மீதி பேர் ஜன்னல்கிட்ட. காரணம் சுலபம். இந்த வயசுல இருபது வரைக்கும் வாயால ஒப்பிப்பாங்க, ஆனா முப்பதை விட அம்பது பெருசுன்னு பிடிபடாது. ஒரு பிள்ளை "நூறு"ன்னுச்சு, அடுத்தது "பத்து"ன்னுச்சு, பத்துக்கே மீன் போச்சு. கத்தறதுதான் ஏலம்னு கத்துக்கிட்டதுதான் மிச்சம்.

கூறு கட்டுங்க. நெத்திலி, காரப்பொடி எல்லாம் தெருவுல கூறுகூறா விக்கறதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைங்க. காகிதத் தட்டுல அஞ்சு மீன் உருவம் வெளிக்கோடா வரைஞ்சு வைங்க. ஒவ்வொரு உருவத்துமேலயும் ஒரு அட்டை மீன் வெச்சா ஒரு கூறு. வாங்க வர்ற பிள்ளை அஞ்சு புளியங்கொட்டை தரணும். மூணாவது நாள் உருவம் இல்லாத தட்டு. அப்ப பாதி பேர் ஆறு வெப்பாங்க, நாலு வெப்பாங்க. திருத்தாதீங்க, வாங்க வர்ற பிள்ளை சண்டை போடும்: "ஒண்ணு கம்மியா கீது!" அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும்.


பால்வாடி டீச்சர், தண்டையார்பேட்டை

புளியங்கொட்டை வேண்டாம். தயவுசெய்து.

மூக்குக்குள் போகும். பட்டாணி, கொண்டைக்கடலை, மக்காச்சோளம் எல்லாமே போகும். தானியத் தட்டு வைத்த அன்று ஒரு பெண் குழந்தை ஒரு மூக்கை மூடிக்கொண்டு, "டீச்சர், கடலை உள்ள தூங்குது" என்று சொன்னது. பயமே இல்லாமல், ரகசியம் போல.

அப்போது செய்யக் கூடாதவை: ஊக்கு, ஹேர்பின், இடுக்கி எதையும் விட்டுக் குடையக் கூடாது, இன்னும் உள்ளே போகும். தண்ணீர் விடக் கூடாது, பயறு ஊறிப் பெருக்கும். வாயால் மூச்சை இழுக்கச் சொல்லி, அடைப்பில்லாத மூக்கை விரலால் மூடி, ஒரு தடவை மெதுவாகச் சீறச் சொல்லலாம். வரவில்லையென்றால் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவர்; நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. யாருமே பார்க்காமல் போனது இரண்டொரு நாள் கழித்துத் தெரியும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் சளி மருந்து ஊற்றிக்கொண்டிருக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காசுக்கு ஊறுகாய் பாட்டில் மூடி வையுங்கள். கைக்கும் அடக்கம், வாய்க்குள் போகாது. சோடா மூடியின் பல் கிழிக்கும்.

அரிசியும் மணலும் கொட்டிய தட்டு வைத்தால் ஒரு பெரியவர் அந்தத் தட்டை விட்டு நகரவே கூடாது. ஒரே ஆயாவை வைத்துக்கொண்டு நான்கு மூலையில் நான்கு தட்டு வைப்பது விளையாட்டு இல்லை.


மீன் அச்சு

அட்டை மீன்ல என்ன தெரியும்? செதில் தெரியுமா, செவுள் தெரியுமா? நிஜ மீனை வைங்க, சாயம் பூசித் தாள்ல அச்சு எடுங்க. சங்கரா, 200 கிராம் அளவுல ஒண்ணு. செதில் பெருசு, அச்சு தெளிவா விழும். கெளுத்தி வேணாம், முள்ளு குத்தினா கை வீங்கும். சங்கராவுக்கும் முதுகு முள் நுனியைக் கத்தரியால நறுக்கிடுங்க.

உப்பு போட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளால ஒத்தி ஒத்தித் துடைக்கணும். வாயிலயும் செவுள்லயும் பஞ்சு அடைக்கணும். இதை விட்டாத்தான் எல்லா அச்சும் கெடும். தலைப்பக்கம் நீர் கசிஞ்சு சாயம் குளமாயிடும். போஸ்டர் கலர்ல தண்ணி கலக்காதீங்க. தலையிலேர்ந்து வாலுக்கு மெல்லிசா ஒரு பூச்சு. நியூஸ்பிரின்ட் தாளை மேல போட்டு நடுவுலேர்ந்து ஓரத்துக்கு விரலால அழுத்தி, ரெண்டு முனையைப் பிடிச்சு ஒரே இழுப்பா எடுக்கணும். தாளை நகர்த்தினா மீனுக்கு ரெண்டு கண்ணு.

அடியில ஐஸ் பொட்டலம், அரை மணிக்குள்ள முடிச்சு மீனை அப்புறப்படுத்திடணும். அப்புறம் எல்லாருக்கும் சோப்பு போட்டுக் கை. வாசம் போகலன்னா எலுமிச்சைத் தோல்.

ஒரு பிள்ளை செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு, "மிஸ், உள்ள சீப்பு வெச்சிருக்குது." செவுளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தச் சார்ட்டுலயும் இல்ல.


பால்வாடி டீச்சர், தண்டையார்பேட்டை

மீன் ஒவ்வாமை இருக்கிற குழந்தைக்குத் தொட்டாலே தடிக்கும். முந்தின நாளே வீட்டில் கேட்க வேண்டும். மீன் சாப்பிடாத வீடுகளும் வகுப்பில் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு அதே மேசையில் வாழைத்தண்டு, வெண்டைக்காய் அச்சு. மூலையில் தனியாக அல்ல. சீப்பு என்று சொன்ன குழந்தைக்கு மட்டும் என் கைதட்டல்.


கொருக்குப்பேட்டை யுகேஜி

மீனை விட்டு ரயிலுக்கு வாங்க. ராயபுரம் ஸ்டேஷன் 1856லேர்ந்து நம்ம பக்கத்துலயே நிக்குது, பிள்ளைங்களுக்குச் சார்ட்டுல காட்டறது என்னமோ பனிமலையில ஓடற புகை ரயில்.

கயிற்று ரயில்: கட்டைவிரல் தடிமன் பருத்திக் கயிறு, 45 செ.மீ.க்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. இடுப்புல கட்டாதீங்க, ஒண்ணு விழுந்தா எல்லாம் விழும். கையால பிடிச்சா போதும், விழறப்ப விட்டுடும். எட்டுப் பெட்டிக்கு மேல போனா முன்னாடி இருக்கற பிள்ளை நடக்கும், கடைசிப் பிள்ளை ஓடும். திருப்பத்துல வால் சுழட்டி அடிக்கும்.

ஸ்டேஷன், டிக்கெட், பச்சைக் கொடி எல்லாம் போட்டு ரயில் கிளம்பறப்ப ஒரு பொண்ணு குறுக்க ஸ்கேலை நீட்டி நின்னுடுச்சு. ரயிலுக்கு இல்ல, நடந்து வர்ற பிள்ளைங்களுக்கு. "கேட்டு போட்டாச்சு. லேட்டுன்னு மிஸ் திட்டுவாங்க, நில்லு." கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல நின்னவங்களுக்குத்தான் இது புரியும். அஞ்சு நிமிஷம் அத்தனை பேரும் நிஜமாவே நின்னாங்க. ஒரு பையன் வண்டி ஆஃப் பண்றமாதிரி சாவி திருகினான்.

அந்தக் காத்திருப்பைத்தான் கணக்காக்கணும், அதுக்கு ஒரு மணல் கடிகாரம். ரெண்டு அரை லிட்டர் பாட்டில், மூடியோட மூடி ஒட்டி, சூடு பண்ணின ஆணியால 4 மி.மீ. ஓட்டை. உள்ள முக்கால் டம்ளர் மணல், ஏறக்குறைய ரெண்டு நிமிஷம் வரும், கடிகாரம் வெச்சு சரி பார்த்துக்கோங்க. கடல் மணலை அப்படியே போட்டா நிக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். நல்ல தண்ணியில மூணு தடவை அலசி, வெயில்ல காய வெச்சு, டீ வடிகட்டியில சலிக்கணும். மணல் தீர்ந்தா கேட்டு திறக்கும். "எவ்ளோ நேரம்"ன்றது அவங்க கண்ணுக்கு முன்னாடி ஓடற மாதிரி வேற எதுலயும் வராது.


யுகேஜி அம்மா, திருவொற்றியூர்

எல்லாம் சரி டீச்சர்ஸ். ராத்திரி பத்து மணிக்கு குரூப்ல "நாளைக்கு தீம் டே, படகு மாடல் கொண்டு வரவும்"னு வருதே, அதை யார் செய்யறது? பிள்ளை தூங்குது. தெர்மாகோல் வெட்டறது அப்பா, சாயம் அடிக்கறது அத்தை. காலையில வகுப்புல வரிசையா முப்பது படகு, ஒண்ணையும் தொடக் கூடாது. ஒரு பிள்ளை தன் படகைத் தண்ணித் தொட்டியில விட்டுச்சு. "உடைஞ்சிடும்"னு பிடுங்கி மேசையில வெச்சாங்க. பிள்ளை கேட்டுச்சு: "அப்ப இது என்னாத்துக்கு படகு?"

வீட்டுலேர்ந்து கேக்கணும்னா குப்பையைக் கேளுங்க. கழுவின பால் கவர், தேங்காய் ஓடு, வெங்காய வலைப் பை, செருப்பு டப்பா, கிழிஞ்ச லுங்கி. ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க. பால் கவரை நுனி மட்டும் வெட்டிக் கவுத்துக் காய வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா மறுநாள் வகுப்பே நாறும். தேங்காய் ஓடு ஓரத்தை உப்புத்தாளால தேச்சு அனுப்பச் சொல்லுங்க. மிதக்குமா முழுகுமான்னு பார்க்க பத்து லிட்டர் டப்புல பாதித் தண்ணி, நாலு பேருக்கு ஒண்ணு. தரையில சாக்கு விரிங்க, மொசைக் தரையில தண்ணி சிந்தினா முதல்ல விழறது ஆயாம்மாதான். டப்பை வேலை முடிஞ்சதும் உடனே கவுத்துடுங்க.


எண்ணூர்

முதல் பதிவுக்கு வருவோம். எல்லாரும் பையனை மறந்துட்டீங்க.

தடைக்காலத்துல விசைப்படகு வீட்டுல என்ன வேலை? படகு பழுது, வலை பழுது. அதையே வைங்க. வெங்காய வலைப் பையைப் பிரிச்சு 30 செ.மீ. அட்டைச் சட்டத்துல இழுத்து ஸ்டேப்ளர் போடுங்க. ஊசி பின்பக்கமா மடங்கியிருக்கும், அதுமேல டேப் ஒட்டணும், இல்லன்னா விரல் கீறும். அங்கங்க கத்தரியால கிழிச்சு விடுங்க. பின்னறதுக்கு ஷூ லேஸ். பிளாஸ்டிக் நுனி போயிருந்தா செல்லோடேப்பை இறுக்கிச் சுத்துங்க. கம்பளி நூல் வேணாம், நுனி பிரிஞ்சு நாலு தடவைக்கு மேல பிள்ளை முயற்சி பண்ணாது. லேஸ் 50 செ.மீ.க்குள்ள இருக்கட்டும், நீளம் கூடினா கழுத்துல சுத்திக்கும். மேல கீழ, மேல கீழ. பென்சில் பிடிக்கறதுக்கு முன்னாடி விரலுக்கு வேண்டிய வேலை இதுலயே கிடைக்குது.

கூடவே ரெண்டு வலை: ஒண்ணு வெங்காய வலை, ஒண்ணு கொசுவலை. ஒரு டப்புல ரோஜா இதழ், எலுமிச்சம்பழம். எதுல எது நிக்குது, எது ஓட்டை வழியா போகுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. இங்க வெச்சப்ப கிழிஞ்ச இடத்தைத் தைக்காம ஒரு பிள்ளை விரலை விட்டு ஓட்டையைப் பெருசாக்கிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல இருந்தது கையைத் தட்டிவிட்டுச்சு:

"டேய், நெத்திலி பூரா போயிடும்டா."